பயாஸ்கோப், வைட்டாஸ்கோப், சினிமாட்டோகிராஃப்: எல்லாம் ஒரே மெஷினா?

நீங்க கேட்டது இதுதான்: 1890-கள் பத்தின எதைப் படிச்சாலும் கைனெட்டோஸ்கோப், வைட்டாஸ்கோப், பயாஸ்கோப், சினிமாட்டோகிராஃப்னு மாத்தி மாத்தி வருதே, இதெல்லாம் ஒரே மெஷினுக்குப் பல பேரா இல்ல வேற வேற மெஷினா, அப்புறம் உண்மையில முதல் புரொஜெக்டர் எது?

சிலது நிஜமாவே வேற மெஷின். சிலது அடுத்தவன் மெஷினை வாங்கி மேல புதுப் பேர் எழுதினது. இந்த நாலுல ஒண்ணு புரொஜெக்டரே கிடையாது. அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா குழப்பத்துல பாதி அங்கதான் இருக்கு.

கைனெட்டோஸ்கோப்னா எடிசன் கம்பெனியில டிக்சன்னு ஒருத்தர் உழைச்சு உருவாக்கின ஒரு மரப்பெட்டி. நின்னுக்கிட்டு, குனிஞ்சு, மேல இருக்கிற ஓட்டையில கண்ணை வச்சுப் பாக்கணும். ஒரு சமயத்துல ஒருத்தர்தான் பாக்கலாம். 1894 ஏப்ரல் 14-ம் தேதி நியூயார்க் பிராட்வேயில பத்துப் பெட்டியை வச்சுக் கடை திறந்தாங்க, அஞ்சு பெட்டி உள்ள ஒரு வரிசை பாக்க 25 சென்ட். திரை கிடையாது, இருட்டு ஹால் கிடையாது, கூட்டமா உக்காந்து பாக்கிறது கிடையாது. ஆனா உள்ள ஓடின பிலிம் இருக்கே, 35 மில்லிமீட்டர் அகலம், ஒரு ஃப்ரேமுக்கு ஒவ்வொரு பக்கமும் நாலு துளை, அதுதான் அடுத்த நூறு வருஷத்துக்கும் மேல உலகம் பூரா ஓடுச்சு. பெட்டி செத்துப்போச்சு, பிலிம் அளவு மட்டும் நின்னுடுச்சு.

சரி, அந்தப் பெட்டிக்கு முன்னாடி ஒரு லென்ஸைப் போட்டு சுவத்துல அடிச்சா புரொஜெக்டர் ஆயிடாதா? ஆகாது. இந்தக் காரணம் புரிஞ்சுட்டா மிச்சக் கதை தானா வந்துடும்.

கைனெட்டோஸ்கோப்புக்குள்ள பிலிம் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், செகண்டுக்கு 40 ஃப்ரேம் பக்கமா. ஓடுற படத்தை அப்படியே பாத்தா கலங்கலா ஒரு கோடுதான் தெரியும், அதனால நடுவுல ஒரு வட்டத் தகடு சுத்தும், அதுல மெல்லிசா ஒரு வெட்டு. அந்த வெட்டு படத்துக்கு நேரா வர்ற கண நேரம் மட்டும் வெளிச்சம் கண்ணுக்கு வரும். ஓட்டைக்குப் பக்கத்துல கண்ணை வச்சிருக்கிறவருக்கு அந்தத் துளி வெளிச்சம் போதும். பத்தடி அகலத் திரையில அதைப் பரப்பிப் பாருங்க, ஒண்ணுமே தெரியாது. அப்போ என்ன பண்ணணும்? ஒவ்வொரு ஃப்ரேமும் விளக்குக்கு முன்னாடி வந்து அசையாம நிக்கணும், முழு வெளிச்சத்தையும் வாங்கணும், அப்புறம் சடார்னு நகரணும், நகர்ற அந்த நேரத்துக்கு மட்டும் ஷட்டர் வெளிச்சத்தை மறைக்கணும். செகண்டுக்குப் பதினாறு தடவை நின்னு நின்னு ஓடணும், அதுவும் பிலிம் கிழியாம. 1895, 96-ல எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிட்டது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். மேஜிக் லான்டர்ன்ல கண்ணாடிப் படத்தைப் பெருசாக்கிச் சுவத்துல காட்டுற வேலை 1659 வாக்குல ஹைகன்ஸ்ங்கிற டச்சு விஞ்ஞானி காலத்துலயே முடிஞ்சுபோன விஷயம், லென்ஸ்ல புதுசா ஒண்ணும் இல்ல.

இந்த நின்னு ஓடுறதுக்குக் கண்டுபிடிச்ச வழிகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது மால்டீஸ் கிராஸ். ஓட்டம் நின்னுபோன பழைய 35 எம்எம் மெஷின் ஒண்ணைத் திறந்து வச்சு, மோட்டார் பெல்ட்டைக் கழட்டிட்டு, கையால மெதுவா சுத்திப் பாத்திருக்கேன். ஒரு சக்கரத்துல ஒரே ஒரு பின் துருத்திக்கிட்டு இருக்கும். பக்கத்துல நாலு வெட்டு இருக்கிற சிலுவை மாதிரி ஒரு இரும்புத் துண்டு, சின்னது, உள்ளங்கையில வச்சா பாதி இடம்கூட பிடிக்காது. பின் சுத்தி வந்து ஒரு வெட்டுக்குள்ள நுழையும், சிலுவையைச் சரியா கால் சுத்து தள்ளும், வெளிய வந்துடும். வெளிய வந்ததும் சக்கரத்தோட வளைஞ்ச விளிம்பு சிலுவையைப் பூட்டின மாதிரி பிடிச்சுக்கும், நீங்க விரலால நெம்பினாலும் அசையாது. பின் முழுசா ஒரு சுத்து சுத்தி வந்தாத்தான் அடுத்த நகர்வு. சிலுவையோட அதே தண்டுல 16 பல் இருக்கிற ஒரு ஸ்ப்ராக்கெட், கால் சுத்துன்னா நாலு பல், நாலு பல்லுன்னா நாலு துளை, நாலு துளைன்னா ஒரு ஃப்ரேம். கால் பங்கு நேரம் நகரும், முக்கால் பங்கு நேரம் நிக்கும். எந்த எலக்ட்ரானிக்ஸும் இல்லாம, வெறும் வடிவத்தாலேயே. இந்தச் சங்கதியை கடிகாரக்காரங்ககிட்ட இருந்து எடுத்தாங்க, ஸ்பிரிங்கை அளவுக்கு மேல முறுக்கிடாம தடுக்க வச்சிருந்தது, அதனாலதான் இதுக்கு ஜெனீவா டிரைவ்னு இன்னொரு பேர். பிலிம் ஓடின காலத்துல தியேட்டர்ல கேபின் பக்கம் காதைக் கொடுத்தா டகடகடகன்னு ஒரு சத்தம் வந்துச்சே, அதுல பெரும்பங்கு இந்தச் சிலுவையோடதுதான்.

பிரான்ஸ்ல லூமியேர் சகோதரர்கள் வேற வழியில போனாங்க. தையல் மெஷின் துணியை எப்படி இழுத்து விட்டு இழுத்து விட்டு நகத்துதோ, அதே மாதிரி ரெண்டு பல் பிலிம் துளைக்குள்ள நுழைஞ்சு கீழ இழுக்கும், வெளிய வரும், மேல போகும், திரும்ப நுழையும். 1895 பிப்ரவரி 13-ம் தேதி பேட்டன்ட் போட்டாங்க. அஞ்சு கிலோ பக்கம் எடை, கையால சுத்துறது, அதே பெட்டிதான் கேமரா, அதே பெட்டிதான் பிரின்ட் போடுற மெஷின், பின்னாடி விளக்கு வச்சா அதே பெட்டிதான் புரொஜெக்டர். இதோட பேர்தான் சினிமாட்டோகிராஃப். கிரேக்கத்துல கினேமான்னா அசைவு, கிராஃபைன்னா எழுதுறது, அசைவை எழுதுற கருவி. ஆனா இந்தப் பேர் அவங்க யோசிச்சது இல்ல! லியோன் பூலின்னு ஒருத்தர் 1892-லயே இந்தப் பேர்ல பேட்டன்ட் எடுத்து, அப்புறம் கட்ட வேண்டிய கட்டணத்தைக் கட்டாம விட்டுட்டார். லூமியேர்களோட அப்பா ஆண்டுவானுக்கு இந்தப் பேர் பிடிக்கல, 'டோமிட்டோர்'னு வைக்கச் சொல்லியிருக்கார். பசங்க கேக்கல. கேட்டிருந்தா இன்னைக்கு நாம டோமிட்டோர் பாக்கப் போயிட்டு இருந்திருப்போம்.

இப்போ "முதல்" சண்டைக்கு வர்றேன். 1895 டிசம்பர் 28, பாரிஸ், கிராண்ட் கஃபேயோட கீழ்த்தளம், காசு கொடுத்து வந்தவங்க 33 பேர், டிக்கெட் ஒரு ஃப்ராங்க், பத்துக் குட்டிப் படம், ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. இதைத்தான் சினிமா பிறந்த நாள்னு எல்லா இடத்துலயும் போடுறாங்க. ஆனா அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே, நவம்பர் 1-ம் தேதி, பெர்லின் வின்டர்கார்டன்ல ஸ்கிளாடனோவ்ஸ்கி சகோதரர்கள் காசு வாங்கிக்கிட்டு திரையில படம் காட்டிட்டாங்க. அவங்க மெஷின் பேர் பயோஸ்கோப். அதுல ரெண்டு பிலிம், ரெண்டு லென்ஸ், ஒண்ணு நின்னு படம் காட்டுறப்போ இன்னொண்ணு நகரும், மாத்தி மாத்தி. நின்னு ஓடுற பிரச்சனைக்கு ரெண்டு மெஷினா போட்டுத் தீர்த்த மாதிரி, கெட்டிக்காரத்தனம்தான், ஆனா தூக்கிச் சுமக்கவும் பராமரிக்கவும் முடியாத பூதம். அதுக்கும் முன்னாடி மே 20-ம் தேதி நியூயார்க்ல லேதம்னு அப்பாவும் பசங்களும் ஐடோலோஸ்கோப்னு ஒண்ணை வச்சு டிக்கெட் போட்டுட்டாங்க. அதுல பிலிம் நிக்காம ஓடுச்சு, அதனால மேல சொன்ன அதே வியாதி, வெளிச்சம் பத்தல. ஆனா லேதம் பேர் வேற ஒரு காரணத்துக்காக நின்னுச்சு: பிலிமை விறைப்பா இழுத்துப் பிடிக்காம கேட்டுக்கு (விளக்குக்கு முன்னாடி ஃப்ரேம் வந்து நிக்கிற இடம்) மேலயும் கீழயும் கொஞ்சம் தொளதொளன்னு வளைவா விடுறது, லேதம் லூப். அந்த வளைவு இல்லன்னா சிலுவை வெடுக்குனு இழுக்கிற இழுப்புல முழு ரீலும் ஆடணும், பிலிம் கிழிஞ்சுடும். அந்த வீட்டுக்காரங்க யாராவது யோசிச்சாங்களா, கூட இருந்த லோஸ்ட் யோசிச்சாரா, டிக்சன் யோசிச்சாரான்னு அப்பவே தகராறு. பிலிம் மெஷின்ல படம் திரையில திடீர்னு மேலயும் கீழயுமா குதிக்க ஆரம்பிச்சா ஆபரேட்டர் முதல்ல பாக்கிறது லூப் போயிடுச்சான்னுதான்.

போட்டோ பிலிம்தான் இருக்கணும்னு நீங்க பிடிவாதம் பிடிக்கலன்னா இன்னும் பின்னாடி போகலாம். மைப்ரிட்ஜ்னு ஒரு போட்டோகிராஃபர் 1879-ல ஸூப்ராக்ஸிஸ்கோப்னு கண்ணாடி வட்டத்துல வரைஞ்ச குதிரையை ஓடவிட்டார், மெஷின் படத்தை நெருக்கிக் காட்டும்ங்கிறதால குதிரையை நீளமா இழுத்து வரைய வேண்டியிருந்துச்சு. ரேனோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1892 அக்டோபர்ல பாரிஸ்ல கையால வரைஞ்ச படச்சுருளை கால் மணி நேரத்துக்கு ஓட்டிக் கதையே சொன்னார். பின்னாடி யாரும் சீண்டாம போகவே தன்னோட சாமான்ல பெரும்பகுதியை அவரே சீன் நதியில தூக்கிப் போட்டுட்டார். என்னைக் கேட்டா, முதல் எதுன்னு கேக்கிறதே உபயோகம் இல்லாத கேள்வி, "எதுல முதல்"னு சேத்துக் கேட்டாத்தான் பதில் வரும். கூட்டமா உக்காந்து, காசு கொடுத்து, போட்டோ பிலிமை, தெளிவா, நாள் கணக்கா ஓடுற மாதிரி ஒரு மெஷின்லன்னு கேட்டா லூமியேருக்கு என் ஓட்டு.

இப்போ வைட்டாஸ்கோப். இதுல ஒரு மோசடி வாசனை இருக்கு. ஜென்கின்ஸ், ஆர்மட்னு ரெண்டு பேர் சேந்து ஃபேண்டோஸ்கோப்னு ஒரு புரொஜெக்டர் பண்ணி 1895-ல அட்லாண்டா பொருட்காட்சியில காட்டினாங்க. அப்புறம் ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சாங்க. ஆர்மட் அந்த மெஷினை எடுத்துக்கிட்டு கைனெட்டோஸ்கோப் விக்கிற ஏஜென்ட்டுங்ககிட்ட போனார். அவங்களுக்குத் தெரியும், ஆர்மட் பேரைப் போட்டா எவனும் வாங்கமாட்டான், எடிசன் பேரைப் போட்டா க்யூவில நிப்பான். அப்படித்தான் 1896 ஏப்ரல் 23-ம் தேதி நியூயார்க் கோஸ்டர் அண்ட் பையல் மியூசிக் ஹால்ல "எடிசனோட வைட்டாஸ்கோப்" அரங்கேறுச்சு. எடிசன் அதைக் கண்டுபிடிக்கல. இன்னும் தமாஷ், அன்னைக்கு ஜனங்க கைதட்டி ஆர்ப்பரிச்ச படங்கள்ல ஒண்ணு டோவர் கடற்கரையில அலை வந்து மோதுற படம், அதை எடுத்தது பெர்ட் ஏக்கர்ஸ், இங்கிலாந்துல. அந்த வருஷம் முடியுறதுக்குள்ள எடிசன் ஆளுங்க சொந்தமா ஒரு மெஷின் பண்ணிட்டு வைட்டாஸ்கோப்பை ஓரம்கட்டிட்டாங்க, அதுக்கு வச்ச பேர் "புரொஜெக்டிங் கைனெட்டோஸ்கோப்". கவனிங்க, "புரொஜெக்ட்"ங்கிற வார்த்தை இங்க அடைமொழியா மட்டும்தான் வருது. ஓட்டையில பாக்கிறது ஒரு ரகம், சுவத்துல அடிக்கிறது ஒரு ரகம், பிரிச்சுக் காட்ட ஒரு ஒட்டு. அந்த மெஷினை வாங்கின பிளாக்டனும் ஸ்மித்தும் அதையே வைட்டாகிராஃப்னு கூப்பிட்டாங்க, அதுதான் பின்னாடி பெரிய கம்பெனிப் பேராச்சு. அதே இரும்பு, அதே பல்சக்கரம், பேர்ப்பலகை மட்டும் வேற. நான் மேல சொன்னேனே, இதைத்தான்.

லண்டன் கதை இன்னும் சுவாரசியம். எடிசன் ஐரோப்பாவுல கைனெட்டோஸ்கோப்புக்குப் பேட்டன்ட் போடாம விட்டுட்டார், ராபர்ட் பால்னு ஒரு கருவி செய்யறவர் அதைப் பாத்து அப்படியே அடிச்சு வித்தார், சட்டப்படி தப்பே இல்ல. ஆனா எடிசன் படம் கிடைக்காது, அதனால சொந்தக் கேமரா, கேமரா வந்ததும் சொந்த புரொஜெக்டர். 1896 பிப்ரவரி 20-ம் தேதி தியேட்டரோகிராஃப்னு காட்டினார், அதே நாள்ல அதே ஊர்ல லூமியேர் ஆளுங்க பத்திரிகைக்காரங்களுக்கு சினிமாட்டோகிராஃப் காட்டினாங்க. அடுத்த மாசம் அல்ஹாம்ப்ரா ஹாலுக்குப் போனப்போ பால் மெஷினோட பேர் அனிமேட்டோகிராஃப் ஆயிடுச்சு. ஒரு மாசத்துல ரெண்டு பேர்! லூமியேர்கள் முதல்ல மெஷினை விக்கவே இல்ல, ஆள் அனுப்பி அவங்களே ஓட்டினாங்க. அந்த இடைவெளியிலதான் பாலோடது மாதிரி விலைக்குக் கிடைக்கிற மெஷினுங்க பரவுச்சு, ஒவ்வொருத்தனும் ஒரு கிரேக்க வார்த்தையையும் ஒரு ஸ்கோப்பையோ கிராஃபையோ ஒட்டி ஒரு பேர் வச்சான். பாதி ஆர்வம், பாதி வழக்கு பயம்.

பயாஸ்கோப் இதுல ஜெயிச்ச பேர். பயோஸ்னா உயிர், ஸ்கோப்னா பாக்கிறது. ஸ்கிளாடனோவ்ஸ்கி வச்சது ஒரு பக்கம் இருக்கட்டும், உலகம் பூரா பரவினதுக்குக் காரணம் சார்லஸ் அர்பன்னு ஒரு அமெரிக்கர். 1897-ல பயாஸ்கோப்னு ஒரு புரொஜெக்டரை எடுத்துக்கிட்டு லண்டன் வந்தார். வார்விக் கம்பெனி மூலமா அது நல்லா வித்துச்சு, உறுதியான மெஷின், ஊர் ஊராத் தூக்கிட்டுப் போய் ஓட்டினாலும் தாங்கும். பேர் மெல்ல அர்பன் கையை விட்டுப் போச்சு. முதல்ல எந்தக் கம்பெனி புரொஜெக்டரா இருந்தாலும் பயாஸ்கோப், அப்புறம் அதுல ஓடுற படமும் பயாஸ்கோப், அப்புறம் அது ஓடுற கொட்டகையும் பயாஸ்கோப். டச்சுக்காரங்களுக்கு இன்னைக்கும் தியேட்டர்னா பியோஸ்கோப்தான், இந்தோனேசியாவுலயும் செர்பியாவுலயும் அதே, தென்னாப்பிரிக்காவுல ரொம்ப நாள் சினிமாவுக்குப் போறதை பயாஸ்கோப்புக்குப் போறதுன்னுதான் சொன்னாங்க. தமிழ்ல பெரியவங்க வாயில இருந்த பயாஸ்கோப்பும் இதே குடும்பம்தான். டேனிஷ்ல பியோகிராஃப், ஸ்வீடிஷ்ல அதுவே சுருங்கி பியோ. சினிமாட்டோகிராஃப் பிரெஞ்சுல சினிமாவாச்சு, ஜெர்மன்ல வாலை வெட்டி கினோவாச்சு. போர்ச்சுக்கல்ல ஒரு காலத்துல அனிமேட்டோகிராஃப்னு சொன்னாங்க. எந்த ஊர்ல எந்த மெஷின் பேர் ஜனங்க காதுல ஒட்டிச்சோ அது மொழிக்குள்ள உக்காந்துக்குச்சு. சீனாவுல மட்டும் இந்த கிரேக்கச் சங்கதி எதுவும் வேணாம்னு மின்சார நிழல்னு சொல்லிட்டாங்க, எனக்கு எல்லாத்தையும் விட அந்தப் பேர்தான் அழகாத் தெரியுது.

சட்டத்துல இன்னும் சினிமாட்டோகிராஃப்ங்கிற மெஷின் பேர் இருக்கு. அதுக்குக் காரணம் தீ. அன்னைக்கு பிலிம் நைட்ரேட், பஞ்சு வெடிமருந்தோட நெருங்கின சொந்தம், பத்திக்கிச்சுன்னா ஆக்ஸிஜனை அதுவே கொடுத்துக்கும், தண்ணிக்குள்ள போட்டாலும் எரியும். அதுக்கு ஒரு ஜாண் பின்னாடி கார்பன் ஆர்க் விளக்கு எரியுது, இல்லன்னா சுண்ணாம்புக் கட்டியை ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் நெருப்புல வெள்ளையாக் காய்ச்சின லைம்லைட் எரியுது. ஒரு ஃப்ரேம் கேட்ல கொஞ்ச நேரம் சும்மா நின்னா போதும். லூமியேர்கள் விளக்குக்கும் பிலிமுக்கும் நடுவுல தண்ணி நிரப்பின கண்ணாடிக் குடுவையை வச்சாங்க, அதுவே லென்ஸ், அதுவே சூட்டை உறிஞ்சும். குடுவை உடைஞ்சா வெளிச்சம் குவியாது, அதனால பிலிமும் பத்தாது, என்ன மூளை பாருங்க. முதல் படச்சுருள்கள் சுத்திக்கிற ரீல்கூட இல்லாம கீழ ஒரு பெட்டியிலயோ பையிலயோ கொட்டிக்கிட்டே இருக்கும், அதுவே ஒரு விறகுக் குவியல். 1897 மே 4-ம் தேதி பாரிஸ்ல ஒரு தர்மக் கண்காட்சியில 120 பேருக்கு மேல செத்தாங்க. அதுல ஆரம்பிச்சு வச்சது பிலிம்கூட இல்ல, புரொஜெக்டர் விளக்குக்கு ஊத்தின ஈதர், இருட்டுல ஊத்துறப்போ பக்கத்துல கிழிச்ச தீக்குச்சி. பிரிட்டன்ல 1909-ல சட்டம் வந்துச்சு, மெஷினை தீப்பிடிக்காத அறைக்குள்ள தனியா வைக்கணும்னு. சட்டத்தோட பேர் சினிமாட்டோகிராஃப் சட்டம். அதே பேர்ல இந்தியாவுல 1918-லயும் 1952-லயும் சட்டம் வந்துச்சு, லூமியேர் வீட்டுப் பெட்டியோட பேர் இன்னைக்கும் சென்சார் சர்டிஃபிகேட்டுக்குப் பின்னாடி நிக்குது.

ரீல் கணக்கும் ஒண்ணு சொல்லிடுறேன், பழைய விளம்பரத்துல "ரெண்டு ரீல் படம்"னு வரும். ஒரு அடி 35 எம்எம் பிலிம்ல 16 ஃப்ரேம். செகண்டுக்கு 16 ஃப்ரேம்னு சுத்தினா செகண்டுக்கு ஒரு அடி, ஆயிரம் அடி ரீல் பதினாறு நிமிஷம் சொச்சம். பேசும் படம் வந்து 24 ஆனப்புறம் அதே ரீல் பதினோரு நிமிஷம். கையால சுத்தின காலத்துல ஆபரேட்டருக்குப் பசி வந்தா பதினாலு நிமிஷத்துலயும் முடியும், அது வேற.

கண் கூசுற மினுமினுப்பு எப்படிப் போச்சுன்னு கேக்கலாம். செகண்டுக்கு 16 தடவை இருட்டினா எரிச்சலா இருக்கும், அதனால ஷட்டர்ல மூணு இறக்கை வச்சாங்க, ஒண்ணு பிலிம் நகர்றதை மறைக்க, மிச்ச ரெண்டு சும்மா, நிக்கிற படத்தையே வெட்டிவிட. 16-ஐ மூணால பெருக்கினா 48 மினுக்கு, கண்ணுக்குத் தெரியாம போயிடுச்சு. அதுக்கு முன்னாடி இருந்த அந்த மினுமினுப்பைக் கேலி பண்ணித்தான் இங்கிலீஷ்ல படத்துக்கு ஃப்ளிக்ஸ்னு பட்டப்பேர்.

கடைசியா, பேரை நம்பி மெஷினை அடையாளம் கண்டுபிடிக்கப் பாக்காதீங்க, பிலிம் துண்டு இருந்தா அதோட துளையைப் பாருங்க. ஒரு ஃப்ரேமுக்குப் பக்கத்துக்கு ஒரே ஒரு வட்டத் துளைன்னா லூமியேர். பக்கத்துக்கு நாலுன்னா எடிசன் வழி, வைட்டாஸ்கோப்ல ஆரம்பிச்சு அந்தப் பக்கம் பல பேர். 54 மில்லிமீட்டர் அகலம்னா ஸ்கிளாடனோவ்ஸ்கி. உள்ளங்கை அகலத்துக்கு 68 மில்லிமீட்டர், துளையே இல்லன்னா அமெரிக்க பயோகிராஃப், எடிசன் பேட்டன்ட்ல மாட்டாம இருக்க உருளையில உரசியே இழுத்த ஆளுங்க. நைட்ரேட்டா இருக்கும், பாத்துட்டு காத்தோட்டமான இடத்துல வைங்க, பக்கத்துல சிகரெட் வேணாம்.